அம்மா குளித்துக்கொண்டிருந்த சனிக்கிழமை

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் என் மகன் டிவியில் ஒரு ஜப்பான் படத்தைப் போட்டான். மெலிந்த ஒரு மனிதன் கையை மார்பில் வைத்ததும் உடம்பு முழுவதும் கவசம் மூடிக்கொள்கிறது. ஒரு சின்னப் பிள்ளையைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுப் பூதத்தின் முன்னால் போய் நிற்கிறான். நான் எழுந்து சமையலறைக்குப் போய், கழுவி வைத்த கோப்பைகளை மறுபடியும் கழுவத் தொடங்கினேன். "ஆர் யூ ஸ்கேர்ட், அப்பா?" என்று மகன் அங்கிருந்து கேட்டான். இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. நாற்பது தாண்டிய அப்பா ரப்பர் பூதத்துக்குப் பயந்த கதை மறுநாள் அவன் வகுப்பு முழுவதும் பரவியிருக்கும்.

நான் எழுந்து போனது அந்த முதுகைப் பார்த்துத்தான். அப்படியொரு படத்தை எட்டு வயதில் இருபது தடவையாவது பார்த்திருக்கிறேன். கடைசியாகப் பார்த்த சனிக்கிழமையில் என் தங்கை சாகக் கிடந்தாள். அவள் பிழைத்த பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் கதைத்ததில்லை.

அப்போது நாங்கள் மவுண்ட் ரோஸ்கில் என்ற புறநகரில் இருந்தோம். நீண்ட டிரைவ்வே ஒன்றின் ஓரமாக மூன்று வீடுகள் ரயில்பெட்டிகள்போல ஒட்டி நிற்கும். தெருப்பக்கத்துப் பெட்டி எங்களுடையது. நடுவில் காது கேளாத ஒரு வெள்ளைக்காரக் கிழவி. கடைசியில் மலேசியாக்காரர். அவரும் தமிழர்தான். ஆனால் தனி ஆள், மோட்டார்சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, கையில் பச்சை குத்தியிருந்தார். குத்தியிருந்தது வேல்தான் என்றாலும் பச்சை பச்சைதான் என்பது அம்மாவின் கட்சி. அவர் "என்னாக்கா, சாப்டாச்சா?" என்று சிரித்தபடி கேட்டால், அம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே வந்து கதவுச் சங்கிலியைப் போடுவார்.

அப்பாவுக்குப் பாண், அதாவது ரொட்டி, சுடுகிற பேக்டரியில் வேலை. நடுச்சாமத்தில் போனால் காலை ஒன்பதுக்கு முடியும், பஸ் பிடித்து வீட்டுக்கு வரப் பத்தாகும். அம்மா நகரத்தில் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கினார். கிழமை நாட்களில் எங்களைப் பள்ளியிலும் பாலர் பள்ளியிலும் விட்டுவிட்டுப் போகலாம். சனிக்கிழமைதான் இடித்தது. அம்மா எட்டு மணிக்கே போக வேண்டும். எட்டிலிருந்து பத்து வரை வீட்டுக்கு நான்தான் பெரியவன். தங்கைக்கு நான்கு வயது.

ஊரிலென்றால் இதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்திருக்க மாட்டார்கள். இங்கே வந்த புதிதில் கோயிலில் ஒருவர் அம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, இந்த நாட்டில பிள்ளையளைத் தனிய விட்டா கவர்மென்ட் கொண்டுபோயிடும், கவனம்" என்று சொல்லிவிட்டார். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வந்திருக்கவில்லை. கடிதப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அப்பா சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கையை உள்ளே விடுவார். அந்தப் பயத்திலும் அம்மா வேலைக்குப் போனார். போகாவிட்டால் அந்தச் சனிக்கிழமையை மேற்பார்வைக்காரி வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடுவாள். ஆகவே அம்மா சட்டங்கள் போட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் சப்பாத்து நாடாவைக் கட்டியபடியே அவற்றை ஒப்பிப்பார்.

"யன்னல் சீலையைத் திறக்கக் கூடாது. அடுப்பைத் தொடக் கூடாது. போன் ரெண்டு தரம் அடிச்சு நிண்டு, பிறகு திரும்ப அடிச்சா மட்டும் எடு. அது நாங்கள். வேறை மாதிரி அடிச்சா விடு. ஆர் வந்து தட்டினாலும் கதவைத் திறக்காதை. அம்மா எங்கை எண்டு கேட்டா?"

"அம்மா குளிக்கிறா."

"இங்கிலீசில சொல்லு பாப்பம்."

"மை மம் இஸ் இன் த ஷவர்."

"கெட்டிக்காரன்."

இந்த நாட்டில் நான் பிழையில்லாமல் சொல்லப் பழகிய முதல் ஆங்கில வசனம் அதுதான்.

அந்த இரண்டு மணி நேரத்துக்குக் காவலாக ஒரு வீடியோ கேசட் இருந்தது. யாரோ வீடு மாறும்போது தெருவில் விற்கப் போட்ட சாமான்களுக்குள் அப்பா கண்டெடுத்தது. உறை இல்லை. கார்ட்டூன் என்று நினைத்து வாங்கி வந்தார். போட்டுப் பார்த்தால் ஜப்பான் பாஷை. கீழே எழுத்தும் இல்லை. வீட்டில் நால்வருக்கும் ஒரே அளவாக விளங்காத படம் அது ஒன்றுதான் என்பதால் அதன்மேல் எங்களுக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

லாண்டரியில் துணி தேய்க்கிற ஒரு மெலிந்த இளைஞன். மணிக்கட்டுகளை மார்பில் குறுக்காக வைத்தால் அவன் உடம்பைச் செம்பழுப்பு நிறத்தில் ஓடு மூடிவிடும். முகத்தில் கண்கள் மட்டும் இருக்கும், வாய் இருக்காது. அதனால் உருமாறிய பிறகு அவனால் ஒரு சொல்லும் பேச முடியாது. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு சிறுமியைக் கறுப்புத் தண்ணீரால் ஆன ஒரு பூதம் துரத்தும். அவன் அவளுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்து நிற்பான். தான் நல்லவன் என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. அந்தச் சிறுமி பூதத்துக்குப் பயப்படுகிற அளவுக்கு அவனுக்கும் பயப்படுவாள். என் தங்கை பயப்பட மாட்டாள். அவனுக்கு நண்டு மாமா என்று பெயர் வைத்திருந்தாள்.

படம்தான் எங்கள் கடிகாரம். நண்டு மாமா பாலத்திலிருந்து விழுந்தால் ஒன்பது மணி. பூதம் கடலோடு கரைந்தால் அப்பா பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார் என்று அர்த்தம்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை குளிர்காலத்தில் வந்தது. இரவெல்லாம் மழை. தங்கைக்கு முட்டு வருத்தம் இருந்தது. ஆஸ்துமா என்று இங்கே சொன்னார்கள். அந்த ஈரமான வீட்டில் அது அடிக்கடி வந்தது. முதல் நாள் இரவிலிருந்தே அவள் இருமினாள். காலையில் அம்மா அவளுக்கு, வாய்க்குள் மருந்தடிக்கிற நீலப் பஃபரை இரண்டு தரம் அடித்துவிட்டு, அதை என் களிசான் பையில் போட்டார். கதவு வரை போய்த் திரும்பி வந்து அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இழுத்தா ரெண்டு அடி. ஆட்டிப்போட்டு அடி. அப்பா பத்துக்கு வந்திடுவார்."

"ஓம்."

"உன்னை நம்பித்தான் போறன்."

அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கதவு மூடியதும் நான் மணிக்கட்டுகளை மார்பில் குறுக்காக வைத்துப் பார்த்தேன். தங்கை இருமிக்கொண்டே சிரித்தாள்.

நண்டு மாமா பாலத்திலிருந்து விழுந்து சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சீலையை ஒரு விரல் அகலம் விலக்கிப் பார்த்தேன். இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். நீளமான கோட்டு, மடித்த குடை, கையில் தோல் பை. ஒருத்தி பையிலிருந்து கடதாசிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கவர்மென்ட் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

டிவியை நிறுத்தினேன். தங்கையின் கையைப் பிடித்து அறைக்கு இழுத்துப்போய் அலுமாரியைத் திறந்தேன். சர்ச் ஆட்கள் தந்த பழைய கம்பளிகளை அம்மா அதற்குள் அடுக்கி வைத்திருந்தார். அலுமாரியின் பின்பலகை முழுவதும் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்திருக்கும். கம்பளிகளுக்கு நடுவில் அவளை உட்கார வைத்தேன்.

"அண்ணா, இருட்டாக் கிடக்கு."

"சத்தம் போடாதை. உன்னைப் பிடிக்க வந்திருக்கினம்."

"நண்டு மாமாவைக் கூப்பிடு."

"நான்தான் நண்டு மாமா. வாயை மூடு."

கதவை இறுக்கிச் சாத்திவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி இரண்டு கைகளையும் விரித்து நின்றேன்.

மறுபடி தட்டினார்கள். "ஹலோ?" என்று ஒருத்தி கூப்பிட்டாள். வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று மற்றவளிடம் சொல்வதும் கேட்டது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. அறையிலிருந்தபடியே, படித்த வசனத்தை ஒரு பிழையும் இல்லாமல் கத்திச் சொன்னேன். அம்மா குளிக்கிறார்.

அதைக் கேட்டு அவர்கள் திரும்பிப் போயிருக்க வேண்டியது. ஆனால் அந்த வசனத்துக்கு அடுத்து என்ன வரும் என்று அம்மாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வெளியே மழை வலுத்தது. "பரவாயில்லை செல்லம், நாங்கள் நிற்கிறோம்" என்றாள் ஒருத்தி அன்பாக. எங்கள் வாசல் கூரைக்குக் கீழே குடையை உதறிவிட்டு, அம்மா குளித்து முடிப்பதற்காக அவர்கள் காத்து நின்றார்கள்.

எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் கைகள் வலித்தன. படத்தில் நண்டு மாமாவுக்குக் கை வலிப்பதே இல்லை. உள்ளே தங்கை இருமுவது கேட்டது. "உஷ்" என்றேன். இருமல் நின்றது. சொன்னபடி கேட்கிறாள் என்று நினைத்தேன். பிறகு தபால் துவாரத்தின் வழியாக ஏதோ உள்ளே விழுந்தது. சப்பாத்துச் சத்தம் தெருப்பக்கம் போய்த் தேய்ந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒரு சின்னப் புத்தகம். அட்டையில் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் புல்வெளியில் ஒரு சிங்கத்தோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்பா அம்மா ஒருவரும் படத்தில் இல்லை. பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற இடம் இதுதான் என்று எனக்கு விளங்கியது. அவர்கள் வீடு வீடாகச் சென்று கடவுளைப் பற்றிச் சொல்கிறவர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அந்த நிமிடத்தில் நான் வென்றவன். தங்கையைக் காப்பாற்றிவிட்டேன்.

அலுமாரியைத் திறந்தேன்.

அவள் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி இருந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. மூச்சு விசிலடித்தது. கூப்பிட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

இழுத்து வெளியே உட்கார வைத்து, பஃபரை ஆட்டி இரண்டு அடி அடித்தேன். காத்திருந்தேன். இன்னும் இரண்டு. இன்னும் நான்கு. ஒவ்வொரு தரமும் புஸ் என்று காற்று வந்தது. மருந்து வருகிறது என்றுதான் நினைத்தேன். மருந்து தீர்ந்த பிறகும் அந்தக் குப்பியில் காற்று வரும் என்று அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்போது போன் அடித்தது.

ஓடிப்போய் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு எண்ணினேன். ஒன்று. இரண்டு. நிற்கவில்லை. மூன்று. நான்கு. நிற்காமல் அடித்தது. இது நாங்கள் இல்லை. கவர்மென்ட் இப்போது போனில் வந்துவிட்டது. கையின் கீழே போன் அதிர்ந்தது, பின்னால் தங்கை விசிலடித்தாள், நான் எடுக்கவில்லை. இருபதுக்கு மேல் எண்ணியபோது அது நின்றது. அடித்தது அப்பா என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு ஆள் வேலைக்கு வராததால் அவரை மத்தியானம் வரை மறித்துவிட்டார்கள். மேலாளர் தன் மேசைப் போனைக் கொடுத்து, பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அவர் முன்னால் இரண்டு தரம் அடித்து வைத்து மறுபடி அடிக்க அப்பாவுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது.

பத்து மணி ஆனது. அப்பா வரவில்லை. பத்து மணி பத்து நிமிடமும் ஆனது. தங்கையின் உதடுகள் நாவற்பழம் தின்றவள்போல நிறம் மாறின. விசில் சத்தமும் குறைந்துகொண்டு வந்தது. குறைகிறது, சரியாகிறது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகு அவள் கண்களைப் பார்த்தேன்.

கதவைத் திறந்தால் அவர்கள் தெரு மூலையில் நிற்கக்கூடும். திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. சங்கிலியைப் பிடித்தபடி நின்றேன். அப்போது கடைசி வீட்டுப் பக்கமிருந்து மோட்டார்சைக்கிள் உறுமும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் டிரைவ்வேயில் எங்கள் சுவரை ஒட்டி வந்து, யன்னலைத் தாண்டி, தெருவில் கலந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் இல்லை.

சங்கிலியைக் கழற்றினேன். வெறுங்காலோடு மழைக்குள் ஓடி, டிரைவ்வேயின் நடுவில் கைகளை விரித்து நின்றேன்.

மோட்டார்சைக்கிள் சறுக்கி எனக்கு ஒரு முழத்துக்கு முன்னால் நின்றது. சிவப்பு ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. கண்ணாடி மேலே போனது.

"டேய்! சாவப் பாத்தியே! என்னா தம்பி?"

எனக்கு வாய் வரவில்லை. வீட்டைக் காட்டினேன். அவர் வண்டியை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார். தங்கை அந்தச் சிவப்புத் தலையைப் பார்த்தாள். பயப்படவில்லை. ஒரு விரலைத் தூக்கி அவரைக் காட்டினாள். பிறகு விரல் விழுந்துவிட்டது.

"அம்மா எங்க?"

"அம்மா குளிக்கிறா."

அவர் திரும்பிப் பார்த்தார். குளியலறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. தரை காய்ந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தார். கீழே கிடந்த பஃபரைப் பார்த்தார்.

"சரி. குளிக்கட்டும்" என்றார்.

போனை எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தங்கையைத் தன் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். "பாப்பா, என்னயப் பாரு. கேக் மேல மெழுகுவத்தி இருக்குல்ல? ஊது. மெதுவா ஊது. இன்னும் ஒண்ணு. அப்படித்தான்டா கண்ணு. தூங்கக் கூடாது. டேய் தம்பி, நீ அழாத, நீ எண்ணு. எத்தன மெழுகுவத்தி ஊதுறான்னு எண்ணு."

அறுபத்தொன்று வரை எண்ணினேன். நடுவில் இரண்டு இடங்களில் அவள் ஊதவில்லை. அந்த இரண்டு இடங்களிலும் அவர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, "முருகா, முருகா, இன்னும் ஒண்ணு" என்றார்.

அம்புலன்ஸில் வந்த பெண் தங்கையின் முகத்தில் மூச்சுக் குழாயை மாட்டினாள். மாட்டிக்கொண்டே, இந்தப் பிள்ளைகளோடு வீட்டில் இருந்தது யார் என்று கேட்டாள். மலேசியாக்காரர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "நான்தான். இவர்களுடைய அங்கிள். சனிக்கிழமையில் நான்தான் பார்த்துக்கொள்வது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்குக் காது சூடானது.

ஆஸ்பத்திரியில் தங்கைக்கு ஆவி பிடிக்கிற மூடியைப் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் உதடு பழைய நிறத்துக்கு வந்தது. இன்னும் பதினைந்து நிமிடம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மலேசியாக்காரர் அம்மாவின் ஹோட்டலுக்கும் அப்பாவின் பேக்டரிக்கும் போன் பண்ணப் போனார். ஒரு நர்ஸ் எனக்குச் சூடாக மைலோ கொண்டுவந்து கொடுத்தாள். நல்லவள். கையில் ஒரு படிவம் வைத்திருந்தாள்.

"உன் அங்கிள் வீட்டில் இருந்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று, இல்லையா?" என்றாள்.

அலுமாரிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றவன் நான். கவர்மென்ட்டைத் திருப்பி அனுப்பியவன் நான். மோட்டார்சைக்கிளின் முன்னால் நின்றவனும் நான். வேலைக்குப் புறப்பட்ட வழியில் இந்த ஆள் உள்ளே வந்து, எல்லாவற்றையும் தானே செய்ததாகச் சொல்லிவிட்டார். நண்டு மாமா ஒருநாளும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதில்லை. பொய் சொன்னதும் இல்லை. அம்மா என்னை நம்பித்தான் போனார். அதை இன்னொருவர் எடுத்துக்கொள்ள நான் விடுவதாயில்லை. நான் யாரோடும் கதைக்கிற பிள்ளை இல்லை. அன்று கதைத்தேன்.

"ஹீ நாட் தேர்" என்றேன். "மீ. எவ்ரி சாட்டர்டே, மீ."

நர்ஸின் பேனை நின்றது. எவ்ரி சாட்டர்டே என்று திருப்பிக் கேட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை என்று விரல்களால் காட்டினேன். அவள் எழுதினாள். எழுதுவதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

போன் பண்ணிவிட்டு வந்தவரிடம் அவள் தனியாகக் கதைத்தாள். பையனுக்கு ஆங்கிலம் சரியாக வராது, நான் பின்வீட்டில் இருந்து வந்து வந்து பார்ப்பேன் என்று அவர் மறுபடியும் மறுபடியும் சொல்வது கேட்டது. என்ன ஒரு பொய்க்காரர் என்று நினைத்தேன். அம்மா சீருடையோடு ஓடி வந்தார். பின்னால் அப்பா, தலைமயிர் எல்லாம் மாவு. இரண்டு பேரிடமும் நர்ஸ் சொன்னது இதுதான்: பிள்ளைக்கு இனிப் பயமில்லை. ஆனால் இரண்டு விதமாகச் சொல்லப்பட்டிருப்பதால் ஒரு அதிகாரி செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வருவார். அங்கிளையும் அவர் சந்திக்க வேண்டும்.

அம்மா என்னை அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. "என்னடா சொன்னனீ?" என்று மட்டும் கேட்டார். "உண்மை" என்றேன். அப்பா என் தலையில் கையை வைத்தார். கை அப்படியே கனமாகக் கிடந்தது.

அன்று பின்னேரம் அப்பா மலேசியாக்காரரின் வீட்டுக்குப் போனார். நானும் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு போனேன். அந்த வீட்டில் ஒரு மெத்தையும் ஒரு ரைஸ் குக்கரும் தவிர ஒன்றும் இல்லை.

"தம்பி, நாங்கள் உள்ளதைச் சொல்லிப்போடுறம்" என்றார் அப்பா. "உங்களுக்கு ஏன் வில்லங்கம்?"

"சொல்லாதீங்கண்ணே. உங்க கேஸ் இன்னும் முடியலல்ல. பிள்ளைங்களத் தனியா விட்டதா ஒரு பேப்பர் அங்க போயிட்டா என்னா ஆவும்?"

"அப்ப உங்கட பேப்பர்?"

அவர் சிரித்தார். "எனக்கு விசா முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. வேல குடுத்தவனும் கேக்கல, வீட்டுக்காரனும் கேக்கல. நானும் சொல்லல."

"செவ்வாய்க்கிழமை வாற அதிகாரி கேட்டால்?"

"பேரு கேப்பாங்க. பொறந்த தேதி கேப்பாங்க. குடுக்கறதுதான். இப்ப நான் காணாமப் போனா உங்கமேலதான வரும்? இருக்கேன்ணே. செவ்வாக்கெழம இருக்கேன்."

விசா என்றால் லைப்ரரி அட்டை மாதிரி ஒன்று என்று நான் நினைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறார் போலும்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். தலை நரைத்த, மெல்லிய குரலில் கதைக்கிற பெண். நான் எதிர்பார்த்தது போல நீளக் கோட்டு இல்லை. அம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தார். தங்கையோடு தரையில் உட்கார்ந்து படம் கீறினார். அலுமாரியைத் திறந்து பூஞ்சணத்தைப் பார்த்து உச்சுக்கொட்டி, அதற்கென்று ஒரு தனிக் கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார். மலேசியாக்காரர் தலையை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு வந்து எங்கள் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நீளக் கை பச்சையை மறைத்திருந்தது. கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஓம், சனிக்கிழமைகளில் நான்தான். ஓம், பஃபர் தீர்ந்ததைக் கவனிக்காதது என் பிழை. அம்மா தலையைக் குனிந்தபடியே இருந்தார். அதிகாரி மலேசியாக்காரரின் முழுப் பெயரைக் கேட்டார். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பிறந்த தேதி, வேலை செய்யும் இடம், எல்லாம். பேனை கடதாசியில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்பா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னிடமும் கேட்பார் என்று ஆயத்தமாக இருந்தேன். அவர் என்னைக் கேட்கவே இல்லை. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்களை யாரும் எங்கும் கொண்டுபோகவில்லை. அந்த வருடக் கடைசியில் எங்கள் கடிதமும் வந்தது. நல்ல கடிதம். அம்மா அதைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, கடைசி வீட்டின் பக்கம் பார்த்து வெகுநேரம் நின்றார். அப்போது அங்கே வேறு ஆட்கள் குடிவந்திருந்தார்கள்.

ஏனென்றால் அதிகாரி வந்துபோன மூன்றாம் நாளே மலேசியாக்காரர் வீட்டைக் காலி பண்ணிவிட்டார். பள்ளி விட்டு நான் வரும்போது எங்கள் வாசலில் மோட்டார்சைக்கிள் நின்றது, பின்னால் ஒரு பையும் ரைஸ் குக்கரும் கட்டியிருந்தது. அம்மா அவருக்கு ஒரு பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தார். புட்டும் இறால் பொரியலும். அந்த மனிதருக்குக் கதவுச் சங்கிலி போட்ட அதே அம்மா.

"எங்கை தம்பி போகப் போறியள்?"

"தெரியலக்கா. சவுத்துப் பக்கம் பழத் தோட்டம் இருக்காம். எழுதிக் குடுத்தாச்சுல்ல. எழுத்து ஒரு எடத்துல நிக்காது, நடந்துகிட்டே இருக்கும். அது வந்து சேர்றதுக்குள்ள நாம போயிரணும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தங்கை ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு, நண்டு மாமா என்றாள். அவருக்கு அது என்னவென்று தெரியாது. ஆனாலும் "ஆமாலா, நண்டு மாமாதான்" என்று அவளைத் தூக்கி இறக்கினார்.

பிறகு என்னிடம் வந்தார். நான் புத்தகப் பையை இறக்காமல் மதிலோடு ஒட்டி நின்றேன். அவர் முழங்காலை மடக்கி என் உயரத்துக்குக் குனிந்தார். கிட்டத்தில் பார்க்க மிகவும் களைத்துப்போயிருந்தார்.

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணல, தம்பி. உண்மையத்தான சொன்ன? நல்ல பையன். நான்தான் பொய் சொன்னேன்."

பெரியவர் ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அவரைக் காக்க வைத்தேன். பிறகு மனம் இரங்கி, "பரவாயில்லை, அங்கிள். இனிமேல் சொல்லாதேங்கோ" என்றேன்.

"சரிப்பா, இனிமே சொல்லல" என்றார் அவர்.